ஈரி ஏரி பச்சையாவதற்கு உரம்தான் காரணமா? உரத்தைக் குறைத்தும் ஏன் தீரவில்லை?

கேட்டவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள டொலீடோ நகரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர். ஆகஸ்டில் ஈரி ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார், தண்ணீர் பச்சை பெயின்ட்டைக் கொட்டிக் கலக்கினாற்போல இருந்திருக்கிறது. 2014-ல் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்காதே என்று நகரமே சொன்ன கதையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். விவசாயிகளைக் கேட்டால் "நாங்கள் உரத்தைக் குறைத்துக்கொண்டேதான் வருகிறோம்" என்கிறார்கள், ஏரிக்காகப் போராடுகிறவர்களைக் கேட்டால் "எல்லாம் அவர்கள் போட்ட உரம்தான்" என்கிறார்கள். யார் சொல்வது சரி, வீட்டில் சின்னக் குழந்தையும் ஒரு நாயும் இருக்கின்றன, இந்தத் தண்ணீரை நம்பலாமா என்பது அவர் கேள்வி.

இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறது, அதனால்தான் இந்தச் சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது. நீங்கள் அடியில் கேட்பது இதுதான்: வயலில் போடுவது குறைந்த பிறகும் ஏரிக்கு வந்து சேருவது ஏன் குறையவில்லை? நான் மண் வேதியியல் படித்து, வயல் வடிகால் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வக வேலையில் பல வருடம் இருந்தவன், அதனால் மண்ணிலிருந்து ஏரி வரைக்கும் உள்ள பகுதியைக் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம். மருத்துவன் இல்லை, உடல்நல விஷயத்தில் அரசு வெளியிட்ட வரம்புகளைத் தாண்டி எதுவும் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த 2014 கதை. ஆகஸ்ட் 2, சனிக்கிழமை விடியும் முன்பே அறிவிப்பு வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பாசி உண்டாக்கும் இந்த நச்சு சாகாது, தண்ணீர் ஆவியாகப் போய் நச்சு இன்னும் செறிவாகத்தான் மிஞ்சும். சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள், மாநில ஆளுநர் அவசரநிலை அறிவித்தார், தேசியக் காவல்படை தண்ணீர் கொண்டுவந்தது. திங்கட்கிழமை தடையை நீக்கி, மேயர் காலின்ஸ் எல்லார் முன்னாலும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துக் காட்டினார். இதில் பலர் கவனிக்காத விஷயம், அந்த வருடத்துப் பாசி இருப்பதிலேயே பெரிய பாசி இல்லை. 2011-லும் 2015-லும் வந்தவை அதைவிட மோசம். நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடம் கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, காற்றும் நீரோட்டமும் சரியாக அந்த இடத்துக்கு மேல் பாசியைக் கொண்டுபோய் நிறுத்தின, அவ்வளவுதான். பாசியின் பரப்பு வேறு, உங்கள் குழாயில் வரும் ஆபத்து வேறு. முந்தின வருடம், 2013 செப்டம்பரில், பக்கத்தில் கேரல் டவுன்ஷிப் என்ற சின்ன ஊர் இதே காரணத்துக்காகத் தன் சுத்திகரிப்பு நிலையத்தையே மூடியது. இரண்டாயிரம் பேர் ஊர் என்பதால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

நாம் பாசி என்று சொல்கிறோமே தவிர இது பாக்டீரியா வகை, நீலப்பச்சைப்பாசி. ஈரியின் மேற்குப் பகுதியில் ஆட்டம் போடுவது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். இதன் செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு, அதனால் காற்றில்லாத நாட்களில் மேலே மிதந்து வந்து வெயிலை முழுசாகப் பிடித்துக்கொள்ளும், கீழே உள்ள மற்றப் பாசிகளுக்கு வெளிச்சமே போகாது. அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும் நச்சு. அதிகபட்சம் என்ன செய்யும் என்பதற்கு 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் நடந்தது சாட்சி: டயாலிசிஸ் மையத்துக்கு வந்த தண்ணீரில் இது கலந்திருந்தது, நச்சு நேராக ரத்தத்தில் போய் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். குடிக்கும்போது அந்த அளவு உடம்பில் சேராது. ஆனால் சுத்திகரிப்பு நிலையங்கள் இதை ஏன் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்பது புரிய இது போதும்.

சரி, ஏன் இந்த ஏரி? அமெரிக்கா, கனடா எல்லையில் உள்ள ஐந்து பேரேரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் ஏழு எட்டு மீட்டர்தான், சீக்கிரம் சூடாகிவிடும். அந்த ஆழமில்லாத மூலையில்தான் மௌமி ஆறு வந்து விழுகிறது, அதன் முகத்துவாரத்தில்தான் டொலீடோ இருக்கிறது. மேற்குப் பகுதிக்கு வரும் தண்ணீரில் மௌமியின் பங்கு சுமார் 5 சதவீதம், மீதி கிட்டத்தட்ட எல்லாமே டெட்ராய்ட் ஆற்றுத் தண்ணீர். ஆனால் மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், மௌமியின் பங்கு கிட்டத்தட்டப் பாதி. டெட்ராய்ட் ஆறும் டன் கணக்கில் பாஸ்பரஸ் கொண்டுவருகிறதுதான், ஆனால் அது ஏராளமான தண்ணீரில் கரைந்து நீர்த்து வருகிறது. மௌமி கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கொண்டுவருகிறது. பாசிக்குப் பிடித்தது கெட்டி.

பாஸ்பரஸ்தான் குற்றவாளி என்பது யூகம் இல்லை. 1960-களில் இந்த ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. அப்போது சோப்புக் கம்பெனிகள் கார்பன்தான் காரணம், எங்கள் பாஸ்பேட் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தன. 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் காட்டுக்குள் 226 என்ற எண் கொண்ட ஒரு சின்ன ஏரியை நடுவில் பிளாஸ்டிக் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் கார்பனும் தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், இன்னொரு பக்கம் அதே இரண்டோடு பாஸ்பரஸும் போட்டார். வானத்திலிருந்து எடுத்த படத்தில் பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சை, மற்றப் பாதி வழக்கம்போல் கறுப்பு நீலம். அதற்குள் 1972-லேயே அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளுக்காக ஒப்பந்தம் போட்டிருந்தன, ஈரிக்கு வருடத்துக்கு 11,000 டன் பாஸ்பரஸுக்கு மேல் போகக்கூடாது என்று இலக்கு வந்தது. சலவைத்தூளில் பாஸ்பேட்டை வெட்டினார்கள், சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்தார்கள், 1980-களில் இலக்கைத் தொட்டார்கள், ஏரி தெளிந்தது. சுற்றுச்சூழல் வரலாற்றில் சொன்னதைச் செய்து ஜெயித்த இடங்கள் குறைவு, இது அதில் ஒன்று.

அப்புறம் 1990-களின் நடுவில் பாசி திரும்ப வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த 11,000 டன் கணக்குப் பெரும்பாலான வருடங்களில் மீறப்படவே இல்லை. கணக்கு சரி, ஏரி மட்டும் பச்சை. விடை கிடைத்தது ஒஹாயோவின் டிஃபின் நகரத்தில் உள்ள ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்திலிருந்து. 1970-களின் நடுவிலிருந்து அவர்கள் மௌமி முதலான ஆறுகளில் தினமும், வெள்ளம் வந்தால் ஒரு நாளைக்கு மூன்று தடவைகூட, தண்ணீர் எடுத்துச் சோதித்துவந்தார்கள். இப்படிப்பட்ட சலிப்பூட்டும் வேலைக்குப் பணம் கொடுக்க யாருக்கும் மனசு வராது, முப்பது வருடம் கழித்துத்தான் அதன் விலை தெரியும். அந்தப் பதிவுகள் காட்டியது: ஆற்றில் வரும் மொத்தப் பாஸ்பரஸ் பெரிதாக மாறவில்லை, ஆனால் அதற்குள் கரைந்த பாஸ்பரஸின் பங்கு 1990-களின் நடுவிலிருந்து ஏறியிருக்கிறது. மண் துகளோடு ஒட்டி வரும் பாஸ்பரஸில் நூற்றுக்கு இருபத்தைந்து முப்பதுதான் பாசிக்குப் பயன்படும், மீதி சேற்றோடு அடியில் தங்கிவிடும். கரைந்தது அப்படியே முழுசும் சாப்பாடு. மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது கண்ணில் படவில்லை.

இந்தக் கரைந்த பாஸ்பரஸ் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க ஏப்ரல் மாதம் வடமேற்கு ஒஹாயோவில் ஏதாவது ஒரு வயலோரக் கால்வாயில் இறங்கி நிற்க வேண்டும். அந்த நிலம் முழுக்க ஒரு காலத்தில் பெரிய கருஞ்சதுப்பு என்று சொல்லப்பட்ட சதுப்புக்காடு. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அதை வடித்து வயலாக்கினார்கள், அன்றைக்குச் சுட்ட மண் குழாய்களை நிலத்துக்கு அடியில் வரிசையாகப் புதைத்தார்கள், இன்றைக்கு ஓட்டை போட்ட கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். இந்த அடிவடிகால் இல்லாவிட்டால் அங்கே மக்காச்சோளமும் இல்லை, சோயாவும் இல்லை, வசந்த காலத்தில் டிராக்டர் இறங்கவே இறங்காது. மழை பெய்த மறுநாள் கால்வாயின் கரையில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் குழாய் வாயிலிருந்து தண்ணீர் சளசளவென்று கொட்டும். பார்த்தால் நல்ல தெளிவாக இருக்கும், பக்கத்தில் கால்வாயில் ஓடும் சேற்றுத் தண்ணீரைப் பார்த்துவிட்டு இது சுத்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதே தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, அம்மோனியம் மாலிப்டேட் கலவையும் கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலமும் விட்டால் பத்து நிமிடத்தில் சோதனைக் குழாயில் நீலம் ஏறும். பாஸ்பரஸ் எவ்வளவோ அவ்வளவு நீலம். ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் இருந்தாலே பாசிக்குக் கொண்டாட்டம், சில வயல்களின் குழாய்த் தண்ணீர் அதைப் போலப் பல மடங்கு காட்டும். ஒஹாயோ வயல்களில் அளந்தபோது வெளியேறும் கரைந்த பாஸ்பரஸில் சுமார் பாதி இந்த அடிக்குழாய் வழியாகத்தான் போகிறது என்று தெரிந்தது. பாஸ்பரஸ் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், நகராது என்றுதான் எங்களுக்கெல்லாம் பாடம் நடந்தது. பொதுவாக அது சரியும்கூட. ஆனால் களிமண் காய்ந்து வெடித்த வெடிப்பும் மண்புழு போன துளையும் நேரே குழாய் வரை இருந்தால், மேல்மண்ணில் கரைந்தது நடுவில் உள்ள மண்ணைத் தொடாமலேயே கீழே போய்விடும்.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். 1980, 90-களில் மண் அரிப்பைத் தடுக்க, ஏரியைக் காப்பாற்றவும்தான், அரசாங்கமே உழாமல் விதைக்கும் முறையை ஊக்குவித்தது. விவசாயிகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். மண் அரிப்புக் குறைந்தது, துகளோடு வரும் பாஸ்பரஸும் குறைந்தது. ஆனால் உழாத நிலத்தில் மேலே தூவின உரம் மேல் இரண்டு அங்குலத்திலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது, புழுத் துளைகளும் கலையாமல் இருக்கின்றன. போதாததற்கு, மக்காச்சோளத்துக்கும் அடுத்த வருடச் சோயாவுக்கும் சேர்த்து இரண்டு வருட மணிச்சத்தை ஒரே தடவையில் அறுவடை முடிந்த இலையுதிர் காலத்தில் வீசிவிடுவது அங்கே பழக்கம், அப்போதுதான் நேரமும் ஆளும் இருக்கும். அதற்கு மேல் குளிர்காலமும் பனி உருகலும் வசந்த கால மழையும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதில் உழாமையின் பங்கு எத்தனை, புதிதாகப் புதைத்த குழாய்களின் பங்கு எத்தனை, மழை கூடியதன் பங்கு எத்தனை என்று பிரித்துச் சொல்வதில்தான் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. உழாமை மட்டும்தான் வில்லன் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, பழையபடி உழுதால் அரிப்பு திரும்ப வரும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன், ஒரு சின்னக் கணக்கு. மௌமி ஆற்றில் மார்ச் முதல் ஜூலை வரை வரும் மொத்தப் பாஸ்பரஸ் 860 டன்னுக்குள் இருக்க வேண்டும் என்பது இப்போதைய இலக்கு, அதில் கரைந்தது 186 டன்னுக்குள். ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 17 லட்சம் ஹெக்டேர். வகுத்துப் பாருங்கள், ஹெக்டேருக்கு அரைக் கிலோ பாஸ்பரஸ். டி.ஏ.பி. உர மூட்டை வாங்கிப் பழகினவர்களுக்குச் சொல்வதென்றால், அதில் தனிமமாகப் பாஸ்பரஸ் ஐந்தில் ஒரு பங்கு, ஆக ஏக்கருக்கு ஒரு கிலோ டி.ஏ.பி. அவ்வளவுதான் முழு அனுமதியே. கரைந்ததை மட்டும் பார்த்தால் ஏக்கருக்குக் கால் கிலோவுக்கும் கீழே. ஏக்கருக்கு ஒரு மூட்டை போடுகிற விவசாயிக்கு அதில் ஒரு கிலோ தண்ணீரோடு போவது நஷ்டக் கணக்கிலேயே வராது. காசு போகிறதே என்று பதறி யாரும் தன் வேலையை மாற்றப்போவதில்லை. அதனால்தான் "விவசாயி அளவுக்கு மீறிக் கொட்டுகிறார்" என்ற பிரச்சாரம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. சிலர் கொட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் பரிந்துரை அளவை ஒழுங்காகப் போடுகிற நல்ல விவசாயியின் நிலமும் ஏரியைப் பச்சையாக்கும் அளவுக்கு ஒழுகலாம். பயிருக்கு அற்பமான அளவு பாசிக்கு விருந்து. ஒரு கிலோ பாஸ்பரஸ் கிடைத்தால் காய்ந்த எடையில் சுமார் நூறு கிலோ பாசி விளையும்.

போட்ட உரமா, மண்ணில் பல வருடமாகச் சேர்ந்ததா என்பதற்கு 2019 ஒரு நல்ல சோதனையாக வந்து வாய்த்தது, யாரும் திட்டமிடவில்லை. அந்த வசந்தத்தில் விடாத மழை, ஒஹாயோவில் மட்டும் 15 லட்சம் ஏக்கர் போல விதைக்க முடியாமலே போனது, உரமும் போடவில்லை. ஆற்றில் வெள்ளம் ஏராளம், ஆனால் அந்த வெள்ளத்துக்கு வழக்கமாக எவ்வளவு கரைந்த பாஸ்பரஸ் வந்திருக்க வேண்டுமோ அதைவிட 30 சதவீதம் அளவுக்குக் குறைவாகத்தான் வந்தது. புதிதாகப் போடும் உரத்துக்கும் எருவுக்கும் நேரடிப் பங்கு உண்டு என்பதற்கு இது சாட்சி. அதே சமயம் மீதி 70 சதவீதம் வரத்தானே செய்தது? அது பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே இருந்த பழைய இருப்பு. உங்கள் விவசாயி உரத்தைக் குறைத்தேன் என்று சொல்வது உண்மையாக இருந்தும் ஏரி பச்சையாக இருப்பது இதனால்தான். அவருக்கு முன்னால் அவர் அப்பா போட்டதும் சேர்ந்துதான் இன்று கரைகிறது. அதற்கு மேல் மழை. எந்த வருடம் வசந்தத்தில் ஆறு பெருகுகிறதோ அந்த வருடம் பாசி, வறட்சி வந்த 2012-ல் பாசி ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குச் சுருங்கியது. அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா வருடா வருடம் பாசி எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்வதும் மௌமியில் இந்த மாதங்களில் வரும் பாஸ்பரஸை வைத்துத்தான்.

சந்தேகத்துக்கு இடமுள்ளவை என்று சிலவற்றைத் தனியே சொல்லிவிட வேண்டும். மூட்டை உரமா, பெரிய பன்றி, கோழி, மாட்டுப் பண்ணைகளின் எருவா என்பது ஒன்று. போடும் அளவில் மூட்டை உரம்தான் பெரும்பங்கு என்று பல மதிப்பீடுகள் சொல்கின்றன, பண்ணைகளின் எண்ணிக்கையைச் சரியாகக் கணக்கெடுக்கவில்லை என்று சூழல் அமைப்புகள் மறுக்கின்றன. ஆற்றுக்கு வந்த பிறகு பாஸ்பரஸின் மேல் இது எருவிலிருந்து வந்தது என்று முத்திரை ஒன்றும் இருக்காது, அதனால் இந்த வழக்கு லேசில் முடியாது. இன்னொன்று தழைச்சத்து. பாசி எவ்வளவு வளரும் என்பதைப் பாஸ்பரஸ் தீர்மானிக்கிறது, ஆனால் மைக்ரோசிஸ்டினில் அதிகம் பேசப்படும் எல்.ஆர். வகையின் ஒவ்வொரு மூலக்கூறிலும் பத்து நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன, மைக்ரோசிஸ்டிஸால் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கவும் முடியாது. ஆகவே பாசி எத்தனை விஷம் என்பதில் யூரியாவுக்கும் அமோனியாவுக்கும் பங்கு இருக்கும் என்று ஒரு சாரார், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தினால் எல்லாம் அடங்கும் என்று ஷிண்ட்லர் வழி வந்தவர்கள். நான் முதல் பக்கம் சாய்கிறேன், ஆனால் இது தீர்ந்த விஷயம் இல்லை. ஜீப்ரா மஸல் என்ற வெளிநாட்டுச் சிப்பி 1980-களின் கடைசியில் கப்பல் தண்ணீரோடு வந்து சேர்ந்தது, அது மற்றப் பாசியை வடித்துத் தின்றுவிட்டு மைக்ரோசிஸ்டிஸைத் துப்பிவிடுகிறது, அதுவும் ஒரு துணைக் காரணம்தான். நகரச் சாக்கடையா என்று கேட்பவர்களுக்கு, மௌமியைப் பொறுத்தவரை அது சிறுபங்கு. ஒஹாயோ அரசின் கணக்கிலேயே 85 சதவீதத்துக்கு மேல் நிலங்களிலிருந்து வழிந்து வருவது.

என்ன செய்கிறார்கள் என்றால், நிறையச் செய்கிறார்கள், போதுமான அளவு இல்லை. 2015-ல் ஒஹாயோ, மிச்சிகன், ஒன்டாரியோ மூன்றும் 2025-க்குள் ஏரிக்கு வரும் பாஸ்பரஸை 40 சதவீதம் குறைப்போம் என்று கையெழுத்துப் போட்டன, அது நடக்கவில்லை. அதே வருடம் ஒஹாயோவில் ஒரு சட்டம் வந்தது: ஏரியின் மேற்குப் படுகையில் உறைந்த நிலத்திலோ, பனி மூடிய நிலத்திலோ, ஊறிப்போன நிலத்திலோ உரத்தையும் எருவையும் மேலே போடக்கூடாது, பெருமழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தாலும் தூவக்கூடாது. நல்ல சட்டம், ஆனால் மோசமான நாட்களை மட்டும்தான் தடுக்கும். 2019-ல் டொலீடோ மக்கள் ஏரிக்கே சட்ட உரிமை கொடுத்து ஓட்டுப் போட்டார்கள், ஒரே வருடத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் அது தெளிவற்றது, செல்லாது என்று தள்ளியது. அதே 2019-ல் வந்த எச்டூஒஹாயோ என்ற ஒஹாயோ அரசுத் திட்டம் விவசாயிக்குக் காசு கொடுத்து, பாஸ்பரஸ் ஒழுகுவதைக் குறைக்கும் வேலைகளைச் செய்யச் சொல்கிறது. ஏக்கருக்கு ஒரு கிலோ கணக்கைப் பார்த்தவர்களுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று புரியும்.

என் அனுபவத்தில் உருப்படியாக வேலை செய்வது இரண்டு மூன்று விஷயம்தான். உரத்தை மேலே தூவாமல் மண்ணுக்குள் வரிசையில் பதிப்பது, மண் பரிசோதனையில் ஏற்கெனவே மணிச்சத்து நிறைந்திருக்கிற நிலத்தில் போடாமலே விடுவது, அடிக்குழாய் வாயில் மடை வைத்துக் குளிர்காலத்தில் தண்ணீரைத் தேக்கி நிறுத்துவது. வயலோரம் புல் வரப்பு விடுவது படத்துக்கு அழகாக இருக்கும், மேலே வழியும் தண்ணீரைப் பிடிக்கும், ஆனால் அடிக்குழாய் அதற்கு அடியில் புகுந்து போய்விடுகிறது. ஏரியிலேயே மருந்து போடலாமே என்று கேட்கிறார்கள். ஒஹாயோவிலேயே கிராண்ட் லேக் செயின்ட் மேரிஸ் என்ற ஏரியில் 2011-லும் 2012-லும் பாஸ்பரஸைக் கட்டிப்போடப் படிகாரம் கொட்டினார்கள், பெரும் செலவு, மேலே இருந்து வரும் பாஸ்பரஸ் நிற்காததால் பலன் நிலைக்கவில்லை. அங்கேயே குளிர்காலத்தில் எரு போடுவதைத் தடை செய்த பிறகு ஓடைகளில் பாஸ்பரஸ் கொஞ்சம் இறங்கியது, ஏரி இன்னும் பச்சைதான். பழைய இருப்பு தீர வருடக்கணக்காகும். அடுத்த ஆகஸ்டில் ஈரி தெளிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாக உங்கள் வீட்டு விஷயம். 2014-க்குப் பிறகு டொலீடோ நிலையம் நிறைய மாறிவிட்டது. ஏரியிலேயே கருவி வைத்துப் பார்க்கிறார்கள், பொடிக் கரி போடுகிறார்கள், ஓசோன் வசதியும் சேர்த்திருக்கிறார்கள், பாசிக் காலத்தில் நச்சு அளவை அடிக்கடி சோதித்து வெளியிடுகிறார்கள். ஆகவே சாதாரண நாளில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், நான் குடிப்பேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் பத்து நாள் வரம்பு, ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம், ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 1.6. இதில் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கும் தண்ணீரும் அடங்கும், எச்சரிக்கை வந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். அப்போது கொதிக்க வைக்காதீர்கள், பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். சமையலறை ஜாடி ஃபில்டரை நம்ப வேண்டுமென்றால் அது மைக்ரோசிஸ்டினுக்கென்றே சான்று பெற்றதா என்று அட்டையில் பாருங்கள், குளோரின் வாசனையை எடுக்கிறது என்பது போதாது.

ஏரிக்குப் போவதென்றால் ஜூன் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நோவா வெளியிடும் பாசி அறிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள். கரையில் சந்தேகமாக இருந்தால் ஒரு குச்சியை விட்டு எடுங்கள். முடி மாதிரி இழை இழையாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப்பாசி, பெயின்ட் மாதிரி பூசிக்கொண்டு வந்தால் குழந்தையை இறக்காதீர்கள். இது பாசியின் வகையைத்தான் சொல்லும், நச்சு இருக்கிறதா என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். நாய்தான் உங்கள் வீட்டிலேயே அதிக ஆபத்தில் இருப்பது, ஏனென்றால் அது நீந்தும்போதும் குடிக்கும், கரையேறி ரோமத்தை நக்கும்போதும் விழுங்கும். பச்சைத் தண்ணீரில் இறங்கிவிட்டால் நக்குவதற்குள் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. வாந்தி எடுத்தாலோ, தள்ளாடினாலோ, எச்சில் வழிந்தாலோ காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், ஏரியில் இறங்கியது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.